மடித்துத் தைத்த இரண்டு இஞ்சு

அந்தத் தையல்காரருக்கு ‘அரையிஞ்சு’ என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது. வைத்தவர் ஆளை நன்றாகப் புரிந்துகொண்டுதான் வைத்திருக்கிறார். எந்தத் துணியைத் தைத்துக் கொடுத்தாலும், "உள்ள அரை இஞ்சு விட்டிருக்கேன், பின்னால வேணும்னா பிரிச்சுக்கலாம்" என்று சொல்லாமல் அவர் கொடுத்ததே இல்லை. பள்ளிச் சீருடை, காவலாளிச் சட்டை, ஆஸ்பத்திரி கோட்டு என்று சீருடை தைப்பதுதான் பிழைப்பு. கடைத்தெரு முடிகிற இடத்தில் இரண்டு மிஷின், வெட்டுகிற மேஜை ஒன்று, ஆளுயரக் கண்ணாடி ஒன்று. கடைக்கு மேலேயே வீடு. ஏறப் பதினாறு படி.

கண் என்றால் அவருக்குத்தான் கண். டேப்பை எடுப்பதற்கு முன்பே ஆளின் உடம்பு அவருக்குத் தெரிந்துவிடும். "போன வருஷம் இடுப்பு முப்பத்தி நாலு. இப்ப முப்பத்தாறாவது இருக்கும். வீட்டுல கவனிப்பு பலமோ" என்று வாடிக்கையாளரைச் சீண்டுவார். அளந்தால் சரியாக முப்பத்தாறு இருக்கும். தெருக்கோடியில் இருக்கும் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா கோட்டு தைக்க வந்தபோது, "டாக்டர், உங்க இடது தோள் கால் இஞ்சு இறங்கியிருக்கு. பையை எப்பவும் அந்தப் பக்கமே மாட்டாதீங்க" என்றார். டாக்டரம்மா வீட்டுக் கண்ணாடியில் போய்ப் பார்த்து அசந்துபோனாராம். மறுவாரமே இன்னும் மூன்று பேரைக் கோட்டு தைக்க அனுப்பிவைத்தார்.

இப்படிப்பட்ட மனுஷன் ஒரே ஒருத்திக்கு மட்டும் அளவு எடுத்ததில்லை. அது அவருடைய மனைவி. கல்யாணமான புதிதில் ஒரு தடவை எடுத்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தார். தோளிலிருந்து கணுக்கால் வரை ஐம்பத்தி நாலு. அதற்குப் பிறகு முப்பது வருஷமாக அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. "உன் அளவு எனக்கு மனப்பாடம்" என்பார். இதைப் பெரிய காதலாக வேறு நினைத்துக்கொண்டிருந்தார்.

அவளும் சும்மா இருந்தவள் இல்லை. கடையில் காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் அவள்தான். வெட்டு மேஜைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தால், ஒரு கோட்டுக்கு ஆறு காஜா, பேச்சு வாக்கில் முடித்துவிடுவாள். புதுக் காவலாளி எவனாவது சட்டை அளவுக்கு வந்தால், "வயித்தை எக்கிக்கிட்டு நிக்காதீங்க தம்பி, அப்புறம் பட்டன் தெறிச்சா எங்களைத்தான் திட்டுவீங்க" என்பாள். கடையில் சிரிப்பு என்பதே அவளால்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன், மருந்து ஏற்றுவது, முடி கொட்டுவது, கதிர்வீச்சு எல்லாம் ஆயிற்று. பிறகு ஐந்து வருஷம் தினமும் ஒரு மாத்திரை. பார்த்தவர் அதே டாக்டரம்மாதான். கடைசி மாத்திரை தீர்ந்த அன்று தையல்காரர் மாத்திரை அட்டையைக் கசக்கிக் குப்பையில் போட்டு, "இதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. இனிமே இந்த வீட்ல அந்தப் பேச்சே வேண்டாம்" என்றார். அவளும் சரி என்றாள்.

அந்த உத்தரவை அவர் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினார். அவள் எப்போதாவது கை குடைகிறது என்றால் போதும், "எதுக்கெடுத்தாலும் அதையே நினைக்காத. வயசாகுது, குடையத்தான் செய்யும்" என்று சிடுசிடுப்பார். கோபம் இல்லை, பயம். பயத்தைக் கோபம் மாதிரி காட்டுகிற ஆண்பிள்ளைகள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள், அவரும் அதில் ஒருவர். ஆனால் எதிரில் நிற்பவளுக்கு இரண்டும் ஒன்றுதானே.

முதுகுவலி ஆரம்பித்தபோது அவள் அதை வலி என்றுகூடச் சொல்லவில்லை. "இந்த முக்காலி சரியில்லைங்க" என்றாள். அவர் உடனே முதுகு சாய்க்கிற நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டார். அது நல்ல காரியம்தான். நாற்காலி வாங்கியதோடு தன் கடமை முடிந்தது என்று நினைத்ததுதான் தப்பு. எட்டு மாதத்துக்கு முன் எடுத்த படத்தில் மார்பு சுத்தமாக இருந்தது என்பதை அவர் மனசுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். மார்பைப் படம் எடுத்தால் முதுகெலும்பு தெரியாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஒரு நாள் மதியம் அவள் தன் நீல நைட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"என்னங்க, இது காலை இடிக்குது. ஒரு இஞ்சு மடிச்சுக் குடுங்க."

"துவைக்கத் துவைக்க இழுத்துருக்கும்," என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமல்.

பருத்தித் துணி துவைத்தால் சுருங்கும், நீளாது என்று முப்பது வருஷமாக வாடிக்கையாளருக்கெல்லாம் பாடம் நடத்திய வாய் அது. அதே வாய்தான் இதையும் சொன்னது.

அவள் உடனே போகவில்லை. மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என் அளவுக்குத்தானே தைச்சீங்க?" என்று கேட்டாள்.

"உன் அளவு எனக்குத் தெரியாதா? போய் உக்காரு," என்றார். சுற்றிலும் ஒரு இஞ்சு மடித்து, நீல நூல் கோத்து, ஐந்து நிமிஷத்தில் அடித்துக் கொடுத்தார். தையல் அழகாக வந்திருந்தது.

ஐந்து வாரம் போயிற்று. பள்ளி திறக்கிற சமயம். நூற்றியிருபது பாவாடை நாலு நாளில் கொடுத்தாக வேண்டும் என்று அவர் தலைகால் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவள் மறுபடி அதே நைட்டியோடு வந்தாள், இந்தத் தடவை உடுத்திக்கொண்டே.

"முன்னால இடிக்குதுங்க. பின்னால சரியா இருக்கு."

அவர் குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடி குனிந்து பார்த்தார். முன்பக்கம் பாதத்தைத் தொட்டது. பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. முன்பக்கம் மட்டும் ஒரு இஞ்சு மடித்து, பக்கவாட்டில் குறைத்துக்கொண்டே போய், பின்னால் ஒன்றுமில்லாமல் முடித்துக் குண்டூசி குத்தினார். இந்த வெட்டு எந்தத் தையல்காரருக்கும் தெரியும். கூன் விழுந்த உடம்புக்கு முன்பக்கம் குறைத்து, பின்பக்கம் கூட்ட வேண்டும். யாரும் சொல்லாமல் அவர் கை அதைச் செய்தது. கைக்குத் தெரிந்த விஷயம் ஆளுக்குத் தெரியவில்லை.

"முன்னால மட்டும் ஏன் இடிக்குது?" என்று அவள் கேட்டாள்.

அவர் குண்டூசியை வாயிலிருந்து எடுத்தார். "நீ நிக்கிற லட்சணம் அப்படி. நிமிர்ந்து நில்லு."

அவள் நிமிரப் பார்த்தாள். முகம் ஒரு பக்கமாகச் சுளித்தது. "சரி" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பதினாறு படியும் ஏறிப் போனாள். அன்றைக்கு அவளால் ஏற முடிந்தது. இதைத்தான் பின்னால் அவர் ஆயிரம் தடவை நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஆறாவது வாரம், காலையில் காப்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்திருக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கால் மரத்துப்போன மாதிரி இருக்குங்க," என்றாள். அவர் தேய்த்துவிட்டார். முழங்காலுக்கு மேலே, இடுப்பு வரை தேய்த்தும், "நீங்க தொடறது தெரியலை," என்றாள். முந்தின இரவிலிருந்து சிறுநீர் போகவில்லை என்பதையும் அப்போதுதான் சொன்னாள். பக்கத்துக் கடைக்காரரும் அவரும் நாற்காலியோடு அவளைத் தூக்கிப் படி இறக்கினார்கள். அது அவர் கடையில் முதுகு சாய்க்க வாங்கிப் போட்டு, பிறகு அவளுக்காக மாடிக்கு ஏற்றிய அதே நாற்காலி.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து இரண்டு மணி நேரத்தில் டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டார். கணினித் திரையில் முதுகெலும்பு பக்கவாட்டில் தெரிந்தது. சதுரம் சதுரமாக அடுக்கி வைத்தது போல இருக்க வேண்டியதில், நடுவில் மூன்று சதுரங்கள் முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தன.

"பழைய நோய் எலும்புக்குப் போயிருக்குன்னு நினைக்கிறேன். எலும்பை உள்ளுக்குள்ள அரிச்சு, பலமில்லாமப் பண்ணிருக்கு. இந்த மூணும் உடம்போட எடை தாங்காம நசுங்கியிருக்கு. இதுல நடுவுல இருக்கறது பின்னால தள்ளி, காலுக்குப் போற நரம்புத் தண்டை அழுத்துது. அதான் கால் வேலை செய்யல."

"ஆபரேஷன் பண்ணிடலாமா டாக்டர்?"

"எலும்பு டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். மேலயும் கீழயும் இருக்கற எலும்பும் பலமா இல்ல. திருகு போட்டா நிக்காதுங்கறாங்க. வீக்கம் குறைய ஊசி இப்பவே போடறோம். இன்னைக்கே கதிர்வீச்சு ஆரம்பிக்கறோம்."

"நடந்துடுவாளா?"

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "நடந்து வர்றவங்க பெரும்பாலும் நடந்து போவாங்க. நடக்க முடியாம வர்றவங்கள்ல கொஞ்சப் பேர்தான் திரும்ப நடப்பாங்க. பார்க்கலாம்." பிறகு குறிப்பெழுதப் பேனாவை எடுத்தார். "இது ஒரே நாள்ல வந்ததில்ல. இவ்வளவு நசுங்கினா உயரம் குறையும். உங்க கண்ணுக்குத் தப்பாதே. என் தோள் கால் இஞ்சு இறங்கினதைக் கண்டுபிடிச்சவராச்சே. அவங்க உயரம் குறைஞ்சதைக் கவனிச்சீங்களா?"

அவர் டாக்டரம்மாவின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தைத்த கோட்டு. ஆறு காஜாவும் அவள் எடுத்தது.

"இல்ல டாக்டர். கவனிக்கல," என்றார்.

அவர் வாழ்க்கையில் பொய்யே சொன்னதில்லை என்று சொல்ல முடியாது. நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லாத தையல்காரர் உண்டா என்ன. ஆனால் இந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது அவருக்குத் தன்னைக் கண்டாலே அருவருப்பாக இருந்தது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் சாயந்திரமே வந்து சேர்ந்தாள். "ஏம்ப்பா, அம்மா ஒண்ணுமே சொல்லலையா?" என்று கேட்டாள். "சொல்லல," என்றார். அது முழுப் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

கதிர்வீச்சுக்கு அவளைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் மைப்பேனாவால் கோடு போட்டார்கள். எங்கே படவேண்டும் என்பதற்கு அடையாளம். துணியில் வெட்டுவதற்கு முன் அவர் சாக்குக்கட்டியால் போடுகிற கோடு மாதிரியே இருந்தது. "கோடு நேரா இருக்கா பாருங்க, நீங்கதான் இதுல கெட்டிக்காரர் ஆச்சே," என்று அவள் தலையைத் திருப்பாமலே கேட்டாள். கோடு போட்டுக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து நாள், தினம் சில நிமிஷம். அதற்கு நடுவில் இடுப்பெலும்பில் ஊசி விட்டுச் சின்னத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். உடம்பு முழுக்க எலும்பைப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் அவள் தலையிலிருந்து பாதம் வரை, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு தடவை நின்றாள். முதுகில், விலாவில், இடுப்பில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். முப்பது வருஷமாக மனப்பாடம் என்று சொல்லிக்கொண்ட உடம்பு அது. அதில் இவ்வளவு நடந்திருக்கிறது.

சோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசினார். பழைய நோய்தான், அதே வகை. அடியோடு எடுத்துவிட முடியாது. ஆனால் மாத்திரையாலும் மாதாமாதம் போடும் ஊசியாலும் கட்டுக்குள் வைக்கலாம், இப்படிப் பல வருஷம் இருப்பவர்கள் உண்டு. எலும்பு மேலும் உடையாமலிருக்கத் தனியாக ஒரு ஊசி. அதைப் போடுவதற்கு முன் பல் டாக்டரிடம் காட்டிவிட்டு வரவேண்டும்.

"முதுகெலும்புக்கு ஊசி போட எதுக்குங்க பல்லு?" என்றாள் அவள்.

"அந்த மருந்துல சில பேருக்குத் தாடை எலும்பு கெட்டுப்போகும்மா. சொத்தைப் பல் இருந்தா முன்னாலயே பார்த்துடணும்."

"பரவாயில்ல, பல்லுக்காவது முன்கூட்டியே பார்க்கறாங்க," என்றாள். வேறு எதையும் மனசில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அவருக்குத்தான் சுருக்கென்று தைத்தது.

அன்றைக்கு வீட்டுக்கு மாற்றுத்துணி எடுக்கப் போனவர் கொடியில் கிடந்த நீல நைட்டியைப் பார்த்தார். கடைக்குக் கொண்டுவந்து மேஜையில் விரித்து, சின்னக் கத்தரியால் மடிப்பைப் பிரித்தார். முதல் மடிப்பு சுற்றிலும் ஒரு இஞ்சு. அதன் மேல் இரண்டாவது, முன்பக்கம் ஒரு இஞ்சு, பின்பக்கம் ஒன்றுமில்லை. வெயில் படாத துணி உள்ளே பளிச்சென்று நீலமாக இருந்தது. எந்தத் தேதியில் எவ்வளவு என்று எழுதி வைத்ததுபோல அத்தனையும் அதில் இருந்தது. அவர் மிஷின் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதார். வாசலில் யாரோ கோட்டு வாங்க வந்து, பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிப் போனார்கள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய், "நான் அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். ஒரு இஞ்சு, பிறகு இன்னொரு இஞ்சு, நிமிர்ந்து நில்லு என்று சொன்னதுவரை.

டாக்டரம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "ரெண்டாவது தடவை மடிச்சப்ப நடந்துட்டிருந்தாங்களா?"

"மாடிப்படி ஏறினா டாக்டர்."

"அப்ப வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். இல்லைன்னு சொன்னா அது நான் சொல்ற பொய்யாயிடும்." பிறகு, "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது," என்றார் டாக்டரம்மா.

சொல்வதற்கு அவருக்கு மேலும் இரண்டு மாதம் பிடித்தது. மாடி வீடு இனி ஆகாது என்று கடையின் பின்பக்க அறையைக் காலி செய்து, துணிக்கட்டுகளை மேலே ஏற்றி, அவளுக்குக் கீழே கட்டில் போட்டார்கள். மகள் ஒரு மாதம் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சிக்காரப் பெண் வந்து காலை மடக்கி நீட்டிவிட்டாள். இடது காலில் கொஞ்சம் உணர்ச்சி வந்தது, வலது காலில் அதைவிடக் குறைவு. நடை வரவில்லை. சக்கர நாற்காலியில் மேஜைவரை வந்து காஜா எடுப்பாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் முடியாது.

ஒரு நாள் காலை, பயிற்சிக்காரப் பெண் அவளை, பிடித்து நிற்பதற்கான இரும்புச் சட்டத்தைப் பிடிக்க வைத்து, முழங்காலுக்குப் பட்டை கட்டி, பின்னால் தாங்கிக்கொண்டு எழுப்பி நிறுத்தினாள். ஒரு நிமிஷம் முழுதாக நின்றாள். "நாளைக்கும் இதே மாதிரி நிக்கணும்மா," என்று சொல்லி உட்கார வைத்துவிட்டு அந்தப் பெண் போனாள்.

வேர்த்துப்போயிருந்த முகத்தை அவர் துண்டால் துடைத்துவிட்டார். துடைத்துக்கொண்டே, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார். "அந்த நீல நைட்டி..."

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"மேல கொடியில அதைக் காணோம்னு நம்ம பொண்ணு சொன்னப்பவே தெரியும். பிரிச்சுப் பார்த்திருப்பீங்க." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதை எதுக்கு உங்ககிட்ட கொண்டுவந்து குடுத்தேன்னு நினைச்சீங்க? எனக்கு ஓரம் மடிக்கத் தெரியாதா? முப்பது வருஷமா உங்க கடையில காஜா எடுக்கறவ."

அவர் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது.

"ஆறு வருஷத்துக்கு முன்னால வந்த மாதிரி இல்ல, ஆனா ஏதோ சரியில்லன்னு எனக்குப் பட்டுச்சு. நானா வாயைத் திறந்தா நீங்க கோவப்படுவீங்க. நைட்டியைக் குடுத்தா டேப்பை எடுப்பீங்க, அளந்து பார்ப்பீங்க, என்னடி இதுன்னு கேப்பீங்க. கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். முதல் தடவை நீங்க கேக்கல. ரெண்டாவது தடவை உடுத்திக்கிட்டே வந்தேன்."

"நான் நிமிர்ந்து நில்லுன்னேன்."

"ஆமா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். சமாதானமும் சொல்லவில்லை. அவளுக்கும் வருத்தம் இருந்தது, அதை மறைத்து அவரைத் தேற்றுகிற தெம்பு அவளிடம் இல்லை. கடையில் யாரோ மணியை அடித்துவிட்டு, ஆள் வராததால் போய்விட்டார்கள்.

"நாளைக்கு அந்தப் பொண்ணு என்னை நிறுத்தும்போது டேப்பை எடுத்துட்டு வாங்க," என்றாள் கடைசியில். "நாற்காலில உக்காந்து போடற மாதிரி ரெண்டு உடுப்பு வேணும். பழைய அளவு வேண்டாம்."

மறுநாள் அவள் நின்றபோது அவர் மண்டியிட்டு அளந்தார். தோள், மார்பு, இடுப்பு, பிறகு தோளிலிருந்து கணுக்கால். சரிதானா என்று இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார்.

"எவ்வளவு?" என்றாள், சட்டத்தைப் பிடித்தபடி.

"ஐம்பத்தொண்ணரை."

"இருந்தது எவ்வளவு?"

"ஐம்பத்தி நாலு."

"எழுதிக்கோங்க," என்றாள்.

நோட்டில் புதிதாக ஒரு பக்கம் எடுத்து எழுதினார். பயிற்சிக்காரப் பெண் அவளை உட்கார வைத்துவிட்டுப் போனதும், அவர் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, டேப்பைச் சுருட்டி மேஜையில் வைத்தார். அவள் எதிரில் பழைய முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கெல்லாம் வலிக்குது?" என்று கேட்டார்.

அவள் அவரைப் பார்த்தாள். "சொல்றேன். எல்லாத்தையும் சொல்ல நேரமாகும்," என்று சொல்லிவிட்டு, கழுத்திலிருந்து ஆரம்பித்தாள்.